மாப்பிள்ளை போட்ட சைக்கிள் திட்டம்

வாங்க தம்பி, வாங்க. சைக்கிள் பாக்கத்தானுங்களே வந்தீங்க? செருப்பு அங்கயே கெடக்கட்டும். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு, வர்ற நேரந்தான். பொண்ணு வேலைக்குப் போயிருச்சு, பேத்தி பள்ளிக்கூடம். நான் பொண்ணைக் குடுத்தவன். ஆறுச்சாமின்னு பேரு. சித்தெ உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா? வேண்டாமா, சரி.

அதா, செவுத்தோரம் நிக்குது பாருங்க, நீலக் கலரு. மலையில ஓட்டறதுக்குன்னே செஞ்ச சைக்கிளாம். பேத்திக்கு வாங்கினது. ஒரே ஒரு நாள்தான் ஓட்டுச்சு. அதுலயும் முக்காவாசி நேரம் புல்லுத்தரையில.

அப்பறம் ஏன் விக்கறீங்கன்னு கேக்கறீங்க. கேக்கத்தான் வேணும். மாப்பிள்ளைகிட்டக் கேட்டா, "சும்மாதான் பிரதர், புள்ளைக்கு நேரமில்ல"ம்பாரு. எப்பவும் வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரிதான் பேச்சு. நான் சொல்றேன், கேளுங்க. எனக்கு மறைக்கறதுக்கு ஒண்ணும் கெடையாது.

மாப்பிள்ளை பேரு பரணீதரன். கம்ப்யூட்டர் கம்பெனி. என்ன வேலைன்னு கல்யாணத்தப்பவே கேட்டேன். அடுத்தவன் செஞ்சு வெச்சதுல எங்க தப்பு இருக்குதுன்னு தேடற வேலையாம். அதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சம்பளம். எங்க ஊர்ல அந்த வேலையை மாமியாருங்க சும்மா செய்யறாங்க.

நான் சிங்காநல்லூர்ப் பக்கம் மில்லுல முப்பத்தி மூணு வருஷம் வேலை பாத்தவன். எண்ணெய் மேஸ்திரி. எந்த மிஷினுக்கு என்ன எண்ணெய், எவ்வளவு, எப்பன்னு என்னைக் கேட்டுத்தான் போடுவாங்க. ராத்திரி ஷிப்ட்டுல கண்ணை மூடிக்கிட்டு நடந்தாலும், எந்த மிஷின் கத்துது, எந்த பேரிங் காஞ்சு கெடக்குதுன்னு சொல்லிப்போடுவேன். கத்தற மிஷினுக்கு எண்ணெய், கத்தற புள்ளைக்குப் பாலு. இதுக்கு மேல ஒலகத்துல வைத்தியம் இல்லீங்க. மில்லுக்கும் சைக்கிள்லதான் போனேன் வந்தேன். ஒரு நாளும் தலைக்குத் தொப்பி போட்டதில்ல.

இந்த வருசம் சித்திரையில ஒரு நாள் மாப்பிள்ளை கூப்படறாரு. "மாமா, எல்லாரும் குடும்பத்தோட மலையில சைக்கிள் ஓட்டப் போலாம். புதுசாக் கத்துக்கறவங்களுக்குன்னே ஒரு எடம் இருக்குது"ங்கறாரு. மலையில சைக்கிளா? மலைக்கு மனுசன் போறதுன்னா சாமி கும்பிடப் போவான், இல்லாட்டி தேயிலை பறிக்கப் போவான். சைக்கிளைத் தூக்கிட்டு மேல போயி, அங்கிருந்து உருட்டி உட்டுக் கீழ வர்றதுக்கு ஒரு லீவு நாளு. கார்ல ஏத்திக்கிட்டுப் போறாங்களாம் சைக்கிளை. நாங்கெல்லாம் சைக்கிள்ல மூட்டையை ஏத்துவோம், இவிய சைக்கிளையே மூட்டையாக் கட்டறாங்க.

சரின்னு கெளம்புனா ஆச்சா? ஒரு மாசம் திட்டம் போட்டாரு தம்பி. போன்ல ஒரு குரூப்பு. நானு, என்ற ஊட்டுக்காரி, பொண்ணு கலைவாணி, பேத்தி மித்ரா, அவரு. அஞ்சு பேருக்கு ஒரு குரூப்பு. அதுல தெனமும் ஒரு உத்தரவு. மித்ராவுக்கு முட்டிக்கு மெத்தை, முழங்கைக்கு மெத்தை. பொச்சுல மெத்தை வெச்ச டவுசர் ஒண்ணு அவருக்கு. அதைக் கொடியில காயப்போட்டிருந்தாங்க, என்ற ஊட்டுக்காரி பாத்துட்டு, "மாப்பிள்ளைக்கு மூலமா"ன்னு பொண்ணுகிட்ட ரகசியமாக் கேட்டா.

அந்த எடத்துல கலர் வாரியா ரூட்டு இருக்குதாம். பச்சைன்னா சுளுவு, நீலம்னா அதுக்கு மேல, கறுப்புன்னா தெரிஞ்சவங்களுக்கு. நாம பச்சையில மட்டும்தான் போறோம்னு மூணு தடவை எழுதினாரு. மொதல்ல புல்லுத்தரையில ஒரு மணி நேரம் பழகோணும், நிறுத்தறதுக்குப் பழகின பொறகுதான் ஓட்டறதுக்குப் பழகோணும், யாருக்குப் பயமா இருந்தாலும் எறங்கித் தள்ளிக்கிட்டு வரலாம், அதுல வெக்கமில்ல. இப்படியே எழுதிக்கிட்டே போறாரு. கடைசியில ஒண்ணு எழுதினாரு பாருங்க, சக்கரத்து நடுவுல வட்டமா ஒரு தகடு இருக்குமே, அந்த டிஸ்க்கு, அதை யாரும் கையால தொட வேண்டாம்னு. எதுக்குன்னு எழுதல. தொட்டாத் தீட்டாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு நான் என்ற ஊட்டுக்காரிகிட்டச் சொன்னேன். "நீங்க வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா வாங்க"ன்னா.

சனிக்கெழமை கெளம்பறதா முடிவாச்சு. கோத்தகிரிக்கு அக்கட்டால ஒரு எஸ்டேட்டு. போய்ச் சேரவே மணி ஒம்போது. நான் ஒரே ஒரு விசயத்துலதான் வாயைத் தெறந்தேன் தம்பி. சனிக்கெழமை ஒம்போதுல இருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம். புது வண்டி, பூசை போடாத வண்டி, அதுல என்ற பேத்தியை ராகு காலத்துல எறக்கத்துல உட மாட்டேன்னு சொல்லிப்போட்டேன். பொண்ணு மொறைச்சுது. மாப்பிள்ளைதான், "மாமா சொல்றதும் சரிதான். அந்த நேரத்துல புல்லுத்தரையில பழகிக்கலாம், டிபன் சாப்பிட்டுட்டு, பூசை போட்டு எறங்கலாம்"ன்னாரு. பொண்ணுக்கு முன்னால நல்ல பேரு வாங்கற சாமர்த்தியம் மட்டும் உண்டு.

அங்க ஒரு பையன், வழி காட்டறவன். அவனும் மாப்பிள்ளையும் சேந்து புள்ளையை அந்தப் புல்லுல சுத்த உட்டாங்க. ஓட்டு, நில்லு. ஓட்டு, நில்லு. அது ஒவ்வொரு தடவை நிக்கறப்பவும் அந்த பிரேக்கு கத்துது பாருங்க, கீஈஈச்சுன்னு. பல்லு கூசுது. பக்கத்துல வேற குடும்பங்க எல்லாம் வந்திருக்காங்க, திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. எனக்கு மானமே போச்சு. புது வண்டியை இப்படிக் கத்த உட்டுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாரு. கேட்டா, "புதுசுல அப்படித்தான் மாமா சத்தம் வரும், ஓட்ட ஓட்டச் சரியாயிரும்"ங்கறாரு. மில்லுல ஒருத்தன் என்கிட்ட இப்படிச் சொல்லியிருந்தா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருப்பேன்.

என்ற ஊட்டுக்காரியையும் ஒரு சைக்கிள்ல ஏத்தி உட்டாங்க, அந்தக் கூத்தையும் சொல்லோணும். அம்பத்தியெட்டு வயசு. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, தலையில தொப்பி மாட்டிக்கிட்டு. மாப்பிள்ளை பின்னால புடிச்சுக்கிட்டே ஓடறாரு. ரெண்டு சுத்து வந்துட்டா. எறங்கி மூச்சு வாங்கிக்கிட்டே சிரிக்கறா, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி. "இத்தனை வருசம் நீங்க எனக்கு இதைக் கத்துக்குடுக்கலையே"ங்கறா. எதுக்குக் கத்துக்குடுக்கோணும்? எங்க போறா அவ?

சரி. டிபன் சாப்பிட எல்லாரும் ஷெட்டுக்குள்ள போனாங்க. இட்லி, தக்காளிச் சட்னி. நான் நாலு இட்லியோட எந்திரிச்சு வந்துட்டேன். பத்தரை ஆச்சு. எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வெச்சேன். ரெண்டு எலுமிச்சம்பழம் மித்ரா வண்டிச் சக்கரத்துக்கு அடியில. கற்பூரம் காட்டினேன். வெளக்குக்குன்னு நல்லெண்ணெய் கொண்டு போயிருந்தேன். அந்தக் குளிருக்குத் தேங்காய் எண்ணெய் ஒறைஞ்சு போகும், நல்லெண்ணெய் ஒறையாது. இதெல்லாம் எந்தக் குரூப்புலயும் எழுத மாட்டாங்க, அனுபவத்துல வரோணும்.

அந்த எண்ணெயில ஒரு திரியை நனைச்சு, மித்ரா வண்டியில கத்தற எடத்துக்கு, முன் சக்கரம் பின் சக்கரம் ரெண்டுக்கும், பதமாத் தடவி உட்டேன். கையால தொடலீங்க, திரியாலதான். மாப்பிள்ளை சொன்ன விதியையும் மீறல பாருங்க. சக்கரத்தைச் சுத்தி உட்டுப் பாத்தேன். சத்தமே இல்ல, வெண்ணெய் மாதிரி ஓடுது. ஒரு மாசத் திட்டத்துல பண்ண முடியாததை ஒரு திரியில பண்ணிப்போட்டேன். யார்கிட்டயும் சொல்லிக்கல. எண்ணெய் போட்டவன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டா திரிவான்?

எல்லாரும் வந்தாங்க. எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி நகந்துச்சு. வழி காட்டற பையன் முன்னால, மித்ரா நடுவுல, மாப்பிள்ளை பின்னால. நாங்க மூணு பேரும் மேட்டுல நின்னு பாத்துக்கிட்டிருக்கோம். மேட்டுல இருந்து பாத்தா வழி பூரா தெரியும். பச்சை ரூட்டுதான், சும்மா சொல்லக் கூடாது, மெல்ல எறங்கற எறக்கம்தான். ஒரு எடத்துல மட்டும் வளைவு. வளைவுக்கு அக்கட்டால இருபதடிப் பள்ளம், கீழ தார் ரோடு.

புள்ளை நல்லாத்தான் போச்சு. அப்பறம் வேகம் எடுக்குது. "அப்பா, புடிக்கல, பிரேக் புடிக்கல"ன்னு கத்துது. அந்தக் கொரலு இப்பவும் என்ற காதுல கேக்குது தம்பி. என்ற உசுரு அந்தப் புள்ளை.

இந்த மனுசன் என்ன பண்ணினாருங்கறீங்க? கத்தற புள்ளைக்குப் பின்னால இருந்தவரு, பெடலை மிதி மிதின்னு மிதிச்சு, அவளை முந்திக்கிட்டுப் போறாரு. போட்டியா நடக்குது அங்க? முந்திக்கிட்டுப் போயி, வளைவுல அந்தப் பள்ளத்து ஓரமா தன்ற வண்டியைக் குறுக்கால போட்டாரு. புள்ளை நேராப் போயி அவரு மேல மோதுச்சு. ரெண்டு பேரும் தேயிலைச் செடிக்குள்ள உழுந்தாங்க. அவரு கீழ, புள்ளை மேல. அவரு மட்டும் வழியில நிக்காம இருந்திருந்தா... சரி, வளைவு இருந்துச்சு, பள்ளம் இருந்துச்சு, அதை நான் இல்லைங்கல. ஆனா குறுக்க போயி நிக்கறது ஒரு முறையா?

நான்தான் மொதல்ல ஓடினேன். பின்னால பொண்ணும் என்ற ஊட்டுக்காரியும் வர்றாங்க. புள்ளைக்கு ஒரு கீறலு இல்ல. எந்திரிச்சு நின்னு அழுகுது, "அப்பா என்னைப் புடிச்சாரு தாத்தா, அப்பா புடிச்சாரு"ன்னு. அது எப்பவும் அப்பனை உட்டுக்குடுக்காது. மாப்பிள்ளை ஒக்காந்துக்கிட்டு எடது தோளைப் புடிச்சிருக்காரு, மொகம் வெளுத்துப்போச்சு. காறை எலும்பு முறிஞ்சிருச்சு.

இந்த நேரத்துல அவரு பண்ணின ஒரு காரியத்தைச் சொல்றேன், கேளுங்க. எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. பக்கத்துல மித்ரா சைக்கிள் கெடக்குது. அதோட சக்கரத்தைப் பாத்தாரு. அப்பறம் என்ற கையைப் பாத்தாரு. நான் அவரைத் தூக்கறதுக்காகக் கையை நீட்டிக்கிட்டு நிக்கறேன். நல்லாருக்கற கையால பையில இருந்து கைக்குட்டையை எடுத்தாரு. எடுத்து, என்ற வெரலை, ஒவ்வொரு வெரலா, அழுத்தி அழுத்தித் துடைச்சாரு. நகத்து இடுக்கு வரைக்கும். அப்பறம் அதே துணியில அந்தத் தகட்டையும் துடைச்சாரு. மடிச்சுப் பைக்குள்ள வெச்சுக்கிட்டாரு. எலும்பு முறிஞ்சு கெடக்கறப்பவும் சுத்தம் பாக்கறாரு மனுசன். ரத்தம்கூட இல்லீங்க, வெறும் எண்ணெய்.

அதுக்குள்ள பொண்ணு வந்துருச்சு. "என்னாச்சு, பிரேக்குக்கு என்னாச்சு"ன்னு அலறுது. "நான் சரியாப் பாக்கல கலை. என் தப்புதான்"னாரு. அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாரு தம்பி. கத்தரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகோணும். வழி காட்டற பையன் வந்து சக்கரத்தைத் தொட்டுப் பாத்துட்டு, "யாருங்கண்ணா இதுல..."ன்னு ஆரம்பிச்சான். "விடுங்க பிரதர், நான் பாத்துக்கறேன்"னு அவனையும் அடக்கிட்டாரு. தன்ற தப்பை வெளியாளு பேசறது புடிக்கல போல.

ஆஸ்பத்திரியில நான் பொண்ணுகிட்ட உள்ளதைச் சொன்னேன். புள்ளையோட போட்டி போட்டுக்கிட்டு முந்தினாரு, குறுக்க போனாரு, என்ற ரெண்டு கண்ணால பாத்தேன்னு. கட்டில்ல படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தாரு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லோணுமே? சொல்லல. பொண்ணு அன்னைக்கு மூடின வாய்தான். இத்தனை மாசமாச்சு, சாப்பாடு வெக்கும், மாத்திரை எடுத்துக் குடுக்கும், மொகம் குடுத்துப் பேசாது. புள்ளையை அவரோட தனியா பார்க்குக்குக்கூட அனுப்பறதில்ல. ராத்திரி மித்ரா எந்திரிச்சு வந்து அப்பன் கட்டில்ல படுத்துக்கும், பொண்ணு தூக்கிட்டுப் போயிரும். அதான் நானும் ஊட்டுக்காரியும் இங்கயே வந்து ஒத்தாசைக்கு இருக்கறோம். இந்தச் சைக்கிளு கண்ணு முன்னால இருக்கற வரைக்கும் நிம்மதி இல்லைன்னு பொண்ணுதான் விக்கப் போட்டுச்சு. மித்ரா ரெண்டு நாளாச் சோறு திங்கல. சின்னப் புள்ளை, மறந்துரும்.

இதுல கூத்து என்னன்னா, விக்கப்போற வண்டிக்கு இவரு போன வாரம் ஒத்தைக் கையில ஸ்பிரிட்டு ஊத்தித் துடைக்கறாரு. புது பிரேக் கட்டை வாங்கியாந்து மாத்தறாரு. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். ஒதவி பண்ணலாம்னு நான் பக்கத்துல போனேன். "மாமா, இதை மட்டும் நீங்க தொட வேண்டாம்"ங்கறாரு. மெதுவாத்தான் சொன்னாரு, ஆனா சொன்னாரில்ல? பொண்ணைக் குடுத்த மாமனுக்குச் சொல்ற வார்த்தையா அது? அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. யாரும் கேக்கவுமில்ல.

வண்டியைப் பாருங்க, தாராளமாப் பாருங்க. உங்க புள்ளைக்கு எத்தனை வயசு? எட்டா? எங்க மித்ராவுக்கும் எட்டுதான். நல்ல ஒயரம், சரியா இருக்கும். சக்கரத்தைச் சுத்தி உடுங்க. பாத்தீங்களா, சத்தமே இல்ல. அவரு மாத்தின புதுக் கட்டையிலயும் மறுபடி கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சிருச்சு. வாங்கறவங்க வர்றப்பக் கத்துனா நல்லாவா இருக்கும்? அதான் காத்தால அவரு குளிக்கப் போன நேரமாப் பாத்து, நானே ஒரு திரி எண்ணெய்...

ஏன் குனிஞ்சு பாக்கறீங்க? அது எண்ணெய்தான். செக்குல ஆட்டின நல்லெண்ணெய். பிரேக்கை எதுக்கு அமுத்தறீங்க? புதுக் கட்டைங்க, நல்லாப் புடிக்கும். நல்லா அமுத்துங்க. அமுத்திட்டுத்தான் தள்ளறீங்களா? அமுத்திப் புடிச்சும் உருளுதா?

என்ன சொல்றீங்க தம்பி? அதுல எண்ணெய் பட்டாப் புடிக்காதா? நீங்களும் சைக்கிள் ஓட்டறவரா. கை வெரலு எண்ணெய்கூட ஆகாதா? இல்லீங்க, எண்ணெய் போட்டா எந்த மிஷினும் கெட்டதில்லையே. முப்பத்தி மூணு வருசம். நிக்கறதுக்கே உள்ள எடம்னா... ஓடற எடத்துக்குத்தான் எண்ணெய், நிக்கற எடத்துக்கு இல்லைங்கறீங்க. மில்லுலயும் பிரேக் கட்டையில எண்ணெய் சிந்தினா நான்தான் பசங்களை வைவேன். ஆனா இது... இந்தத் தகட்டைத்தான் கட்டை புடிக்குதுன்னு எனக்கு யாரும் சொல்லல. தொடாதீங்கன்னுதான் எழுதினாரு. எதுக்குன்னு நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. நான் கேக்கல.

நீங்க வெரலைத் துடைச்சுக்கறீங்க.

அவரும் இப்படித்தான் துடைச்சாரு. ஒவ்வொரு வெரலா. பொண்ணு ஓடி வந்துக்கிட்டிருக்குது, அது வந்து பாக்கறதுக்கு முந்தி. எலும்பு முறிஞ்ச மனுசன்.

நானும் சித்தெ உக்காந்துக்கறேன் தம்பி. கொஞ்சம் அந்தச் சேரை இப்படி நகத்துங்க. எதுவும் பேச வேண்டாம், இருங்க. அந்தப் புள்ளை அன்னைக்கே சொல்லுச்சு, அப்பா என்னைப் புடிச்சாருன்னு. அவரு முந்திக்கிட்டுப் போனாருன்னு நான் ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பள்ளத்தை நானும் பாத்தேன். பாத்துட்டுத்தான் சொன்னேன்.

வாசக் கேட்டுச் சத்தம் கேக்குது. அவருதான். கை சரியா வராததால அந்தக் கொண்டியை எடுக்க நேரமாகும். கைக்குட்டையை நீட்டறீங்களா? வேண்டாங்க. நீங்களே வெச்சுக்குங்க. என்ற கையில காத்தால போட்ட எண்ணெய் இன்னும் இருக்குது, இருக்கட்டும். சாயங்காலம் பொண்ணு வர்ற வரைக்கும் இருக்கட்டும்.

நீங்க அவருகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம். இந்த வண்டி விக்கறதுக்கில்லைன்னு பெரியவரு சொல்லிட்டாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.